மலைநாட்டு வாகனமும் பெல்ட்டும்: மீற்றர் சொல்லாத கணக்கு

கடை நடத்தும் சகோதரர்கள் கூடுமிடத்தில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "என் வேன் மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. பாஸ் பெல்ட் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா, இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா?" என்பதே அது.

கேள்வி நியாயமானது. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. புதிய வாகனம் எடுக்க இருந்தவர்களும் பழையதையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் மரக்கறி ஏற்றுவதும், தோட்டக் கடைகளுக்குச் சாமான் போடுவதும் பெரும்பாலும் வயதான வாகனங்களே. வாகனம் வயதாவது குற்றமில்லை. அதன் உள்ளே இருக்கும் றப்பருக்கும் வயதாகிறது என்பதை மறப்பதுதான் பிழை.

இந்த வாரப் பாடம் அந்த றப்பரைப் பற்றியது. சொல்ல வந்த விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெல்ட் எப்போது மாற்றுவது என்று கைநூலில் போட்டிருக்கும் கிலோமீற்றர் நமது மலைப் பாதைக்கு அப்படியே பொருந்தாது. நாம் மணித்தியாலத்தையும் ஆண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைக் கடைக் கொப்பியில் எழுதிப் பார்த்தால், தள்ளிப்போடுவதில் மிச்சமாவது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கிவிடும்.

இரண்டு விதமான பெல்ட்

"பெல்ட் மாற்றினேன்" என்று சொல்பவரிடம் எந்தப் பெல்ட் என்று கேட்க வேண்டும். எஞ்சினில் இரண்டு விதம் உண்டு.

ஒன்று வெளியே கண்ணுக்குத் தெரிவது. ஃபேன் பெல்ட் என்று நாம் பொதுவாகச் சொல்லுவோம். வோட்டர் பம்ப், அல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், ஏசி இவற்றைச் சுற்றுவது இதுதான். பழைய வாகனங்களில் இது அடிப்பக்கம் ஒடுங்கிய தனிப் பெல்ட். ஜோன் கேட்ஸ் என்ற அமெரிக்கர் 1917இல் உருவாக்கிய வடிவம் அது. பிந்திய வாகனங்களில் பல கோடுகள் கொண்ட அகலமான ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றிவரும்.

மற்றது கவருக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட். பல் வைத்த பெல்ட். எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது இதன் வேலை. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தனது 1004 காரில் இதைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சங்கிலியை விட மலிவு, சத்தம் குறைவு, எண்ணெய் தேவையில்லை என்பதால் உலகமெங்கும் பரவியது. சங்கிலியைப் போல நீண்டகாலம் உழைக்காது என்பதே இதன் குறை.

ஃபேன் பெல்ட் பெரும்பாலும் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லும். டைமிங் பெல்ட் அநேகமாக ஒன்றும் சொல்லாமலே அறும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை இலகுவில் விளங்கும்.

ஃபேன் பெல்ட்டும் பிரேக்கும்

ஃபேன் பெல்ட் அறுந்தால் எஞ்சின் சூடாகும், பெற்றரி இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பல சாரதிகளுக்கு அது தெரியாது.

பெற்றோல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெக்யூம் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்திலிருந்தே கிடைத்துவிடும். டீசல் எஞ்சினில் அது போதாது. ஆகவே தனியாக ஒரு வெக்யூம் பம்ப் வைத்திருக்கிறார்கள். நமது பகுதியில் நிறைய ஓடும் டொல்பின் வேனின் டொயோட்டா 2எல், 3எல் எஞ்சின்களிலும், டெலிக்கா, பஜேரோவில் வரும் மிட்சுபிஷி 4டி56 எஞ்சினிலும் இந்தப் பம்ப் அல்டர்னேட்டரின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அல்டர்னேட்டரைச் சுற்றுவது எது? ஃபேன் பெல்ட்.

அதாவது, இறக்கத்தில் ஃபேன் பெல்ட் அறுந்தால் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெக்யூம் இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே வரும். அதன் பிறகு பிரேக் முற்றாகப் போய்விடுவதில்லை; ஆனால் பெடல் கல்லாகிவிடும். முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் கேட்கும். சமவெளியில் இது ஒரு தொல்லை. கினிகத்தேனை இறக்கத்திலோ, இரம்பொடை வளைவுகளிலோ, முழுப் பாரத்தோடு, மழையில், இது உயிர் விடயம்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி ஏழு பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த விபத்தை இங்கே பெல்ட்டோடு தொடர்புபடுத்தவில்லை. பிரேக் இலேசாகக் கைவிட்டாலும் இந்த வீதிகள் மன்னிக்காது என்பதைச் சொல்லவே நினைவூட்டுகிறேன்.

ஆகவே உங்கள் சாரதிக்கு ஒரு சட்டம் சொல்லி வையுங்கள். இறக்கத்தில் போகும்போது டாஷ்போர்டில் சிவப்புப் பெற்றரி விளக்கு எரிந்தால், "சார்ஜ் ஏறவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டக் கூடாது. அல்டர்னேட்டர் சுற்றவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எஞ்சினை நிறுத்தாமல், கியரைக் குறைத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, போனட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடும் பழக்கமும் இதே காரணத்தால் ஆபத்தானது. 2022இல் கியூஆர் கோட்டாவுக்கு எரிபொருள் வாங்கிய நாட்களில் இப்படி ஓட்டிப் பழகியவர்கள் இப்போதாவது விட்டுவிட வேண்டும்.

டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன நடக்கும்?

டீசல் எஞ்சின் காற்றை மிகவும் இறுக்கி அழுத்தித்தான் எரிக்கிறது. டொயோட்டா 3எல் எஞ்சினில் அந்த அழுத்தம் 22க்கு 1 என்ற அளவில் இருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் மிகச் சிறிய இடமே மிஞ்சும். பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும்; திறந்திருந்த வால்வு திறந்தபடியே நிற்கும்; கீழேயிருந்து வரும் பிஸ்டன் அதில் மோதும். வால்வு வளையும், ரொக்கர் உடையும், சில வேளை பிஸ்டனும் ஹெட்டும் பழுதாகும். இதே பெல்ட்தான் டீசல் பம்பையும் சுற்றுகிறது. ஆகவே எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும்.

சில பெற்றோல் எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் சந்திக்காதபடி இடம் விட்டிருக்கிறார்கள். பழைய கொரோலாக்களில் வந்த 4ஏ-எஃப்ஈ அப்படிப்பட்டது. அதில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், எஞ்சின் தப்பிவிடும். எல்லா எஞ்சினும் அப்படியல்ல. உங்களுடையது எந்த ரகம் என்று பாஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டீசல் என்றால் கேட்கவே தேவையில்லை. மோதும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எல்லா வாகனத்திலும் டைமிங் பெல்ட் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாட்டா, அசோக் லேலண்ட் பெரிய லொறிகளில் பற்சக்கரம் இருக்கும். விட்ஸ், அலியன், ப்ரீமியோ போன்றவற்றில் வரும் 1என்இசட் எஞ்சினில் சங்கிலி. சங்கிலிக்கு ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கிலுகிலு என்று சத்தம் வந்தால் காட்ட வேண்டும். மாருதி 800, டொல்பின், டெலிக்கா, கே.டி.எச். ஹயஸ் இவற்றில் டைமிங் பெல்ட் உண்டு. மிட்சுபிஷி 4டி56இல் டைமிங் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பேலன்ஸ் தண்டுக்கென்று இன்னொரு சிறிய பெல்ட்டும் இருக்கிறது. சிறியது அறுந்து பெரியதில் சிக்கினால் இரண்டும் போகும். ஆகவே அந்த எஞ்சினில் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் காரிலோ வெளிப் பெல்ட்டே கிடையாது; டைமிங்குக்குச் சங்கிலி. அந்த உரிமையாளர்கள் இந்தக் கட்டுரையைப் பிறருக்காக வாசிக்கலாம்.

மீற்றர் ஏன் நமக்குப் பொருந்தாது?

டொல்பின் காலத்து டொயோட்டா டீசல் வாகனங்களுக்கு டைமிங் பெல்ட் மாற்றும் கணக்கு 100,000 கிலோமீற்றர். அடுத்து வந்த சிலவற்றுக்கு 150,000. இந்தக் கணக்கு நேரான வீதியில் சாதாரண வேகத்தில் ஓடும் வாகனத்தை மனதில் வைத்துச் சொன்னது. டொயோட்டா நிறுவனமே அமெரிக்கச் சந்தைக்கான தனது கைநூல்களில் இதற்கு ஒரு விதிவிலக்குப் போட்டிருக்கிறது. டாக்சி, பொலிஸ் வாகனம், வீடு வீடாகப் பொருள் விநியோகிக்கும் வாகனம் போன்று நீண்ட நேரம் ஐட்லிங்கிலும் குறைந்த வேகத்திலும் ஓடுபவற்றுக்கு 60,000 மைலில் டைமிங் பெல்ட்டை மாற்றும்படி தனியாகவே சொல்லியிருக்கிறது. தோட்டம் தோட்டமாகச் சாமான் போடும் நமது வேன் எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். சமவெளியில் மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் என்று ஓடும் வாகனம் 100,000 கிலோமீற்றர் முடிக்க 2,000 மணித்தியாலம் எடுக்கும். நமது வேன் ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை பக்கம் போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர். எஞ்சின் ஓடுவது 3 மணித்தியாலம். அப்படியானால் மணிக்கு 20 கிலோமீற்றர். இந்த வேன் 100,000 கிலோமீற்றர் முடிப்பதற்குள் எஞ்சின் 5,000 மணித்தியாலம் ஓடியிருக்கும். மீற்றரில் ஒரே எண். பெல்ட் உழைத்த நேரமோ இரண்டரை மடங்கு.

இதில் ஒரு பகுதி ஐட்லிங். அப்போது எஞ்சின் மெதுவாகவே சுழலும். அதைக் கழிக்க வேண்டும். ஆனால் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது, மேல் கியரில் போவதை விட ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எஞ்சின் இரண்டு மடங்குக்கு மேல் சுழல்கிறது. இறக்கத்தில் அதே கியரில் பிடித்து வரும்போதும் அப்படியே. எல்லாவற்றையும் தட்டிக் கழித்து, மலைப்பாதை விநியோக வாகனத்தின் ஒரு கிலோமீற்றரை ஒன்றரைக் கிலோமீற்றராக எண்ணுவது என் வழக்கம். அதாவது, கைநூல் 100,000 என்றால் நமக்கு 65,000. நாளுக்கு 60 கிலோமீற்றர், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் அது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல்.

குறைவாக ஓடும் வாகனத்துக்கு மறுபக்கம் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கும் காரில் கிலோமீற்றர் ஏறாது. றப்பர் மட்டும் காய்ந்துகொண்டே இருக்கும். அதற்கு ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீற்றர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே தவணை.

விளக்கை நம்பலாமா?

டொயோட்டா டீசல் வாகனங்களின் டாஷ்போர்டில் "டீ-பெல்ட்" என்று ஒரு விளக்கு உண்டு. அது எரிந்தால் பெல்ட் பழுதாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். எரியாவிட்டால் நல்லாயிருக்கிறது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் பிழை. அந்த விளக்குப் பெல்ட்டைப் பார்ப்பதில்லை. மீற்றரை மட்டும் எண்ணுகிறது. பெல்ட்டை மாற்றாமலே விளக்கை அணைக்க முடியும். மீற்றர் மாற்றப்பட்டிருந்தால் அல்லது குறைக்கப்பட்டிருந்தால் விளக்கின் கணக்கும் பொய்யாகிவிடும். எரிந்தால் தாமதிக்க வேண்டாம். எரியவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்கவும் வேண்டாம்.

கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது எவ்வளவு தூரம் சரி?

"கவரைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு வெடிப்பும் இல்லை" என்று பாஸ் சொல்லக்கூடும். முன்னைய காலத்துப் பெல்ட்டுகள் வயதானால் வெடிப்பு விடும்; அதைப் பார்த்து மாற்றினார்கள். பின்னர் றப்பரின் தரம் மாறியது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து வரும் பல கோட்டுப் பெல்ட்டுகள் இலேசில் வெடிப்பதில்லை. ரயர் தேய்வது போல உள்ளே தேய்கின்றன. பார்வைக்கு நல்ல பெல்ட். ஆனால் கோடுகள் குழியாகி, பாரம் வந்தால் வழுக்கும். டைமிங் பெல்ட்டின் பலமோ உள்ளே ஓடும் நூலில் இருக்கிறது. அதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

ஆகவே கண்ணால் பார்ப்பது முன்கூட்டி மாற்ற வேண்டியதைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும்; தவணையை நீட்டிக்க உதவாது. தவணைக்கு முன்னரே மாற்ற வேண்டிய அடையாளங்கள் இவை:

1. டைமிங் கவரின் அடியில் ஒயில் கசிவு. கேம் சீல், கிராங்க் சீல் ஒழுகினால் ஒயில் பெல்ட்டில் பட்டு றப்பர் ஊறிவிடும். சீலை மட்டும் மாற்றி ஒயில் குடித்த பெல்ட்டையே திரும்பப் போடக் கூடாது.

2. ரேடியேட்டர் தண்ணீர் பெல்ட் பக்கம் ஒழுகுதல்.

3. ஃபேன் பெல்ட்டின் ஓரம் நூல் விடுதல், பக்கம் கண்ணாடி போல மினுங்குதல், கோட்டில் துண்டு கழன்றிருத்தல்.

4. கவருக்குள்ளிருந்து உராயும் அல்லது விசில் போன்ற சத்தம். இது பெரும்பாலும் டென்ஷனர் பெயரிங். பெயரிங் இறுகினால் நல்ல பெல்ட்டும் அறும்.

5. வேறு காரணமில்லாமல் காலையில் ஸ்டார்ட் வரச் சிரமம், புகை, ஏற்றத்தில் பலம் குறைவு. பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் இப்படி வரும்.

நுவரெலியாவின் குளிர் காலையில் ஃபேன் பெல்ட் கீச்சிட்டால், அதற்கு ஒரு எளிய பரீட்சை உண்டு. எஞ்சின் ஓடும்போது, கையையும் உடுப்பையும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பெல்ட்டின் கோட்டுப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் குறைவு. சத்தம் நின்று சற்று நேரத்தில் திரும்பி வந்தால் புலி நேர்கோட்டில் இல்லை. சோப்பு, மெழுகுவர்த்தி தேய்ப்பது சத்தத்தை மறைக்குமே தவிர காரணத்தை மாற்றாது.

பழைய ரகத் தனிப் பெல்ட்டின் இறுக்கம் பார்க்க, எஞ்சினை நிறுத்திவிட்டு நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் நன்றாக அழுத்துங்கள். ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் தாழ்ந்தால் சரி. அதிகம் தாழ்ந்தால் வழுக்கும். தாழவே இல்லை என்றால் வோட்டர் பம்பின் பெயரிங்கும் அல்டர்னேட்டரின் பெயரிங்கும் போகும். புதிய பெல்ட் போட்டால் சில நாள் ஓடிய பின் மீண்டும் இறுக்க வேண்டும். இரட்டைப் பெல்ட் உள்ள எஞ்சினில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே முழுப் பாரத்தையும் சுமக்கும். ஆகவே இரண்டையும் சோடியாக மாற்ற வேண்டும்.

கடைக் கொப்பியில் ஒரு கணக்கு

இனி நமது பாஷையில் பேசுவோம். விலை ஊருக்கு ஊர், வாகனத்துக்கு வாகனம் மாறும். ஆகவே விளங்குவதற்காக மட்டும் ஒரு எண் எடுக்கிறேன். உங்கள் கராஜில் கேட்டு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டைமிங் பெல்ட், டென்ஷனர், சீல்கள், கூலி எல்லாம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வேனில், 65,000 கிலோமீற்றரில் மாற்றினால் அந்தச் செலவு ஏறக்குறைய 1,083 நாளுக்குப் பிரியும். நாளுக்கு 55 ரூபா. கைநூல்படி 100,000 வரை இழுத்தால் 1,667 நாளுக்குப் பிரியும். நாளுக்கு 36 ரூபா. தள்ளிப்போடுவதால் வரும் முழு இலாபம் நாளுக்கு 19 ரூபா.

மறுபக்கம், பெல்ட் அறுந்தால் எஞ்சின் வேலை 3 இலட்சம், கட்டி இழுத்து வர 20,000, பத்து நாள் வாடகை வேனுக்கு 80,000 என்று வைத்துக்கொள்வோம். 4 இலட்சம். நாளுக்கு 19 ரூபா வீதம் மிச்சம் பிடித்து 4 இலட்சம் சேர்க்க, ஆண்டுக்கு 300 நாள் ஓடினாலும் 70 ஆண்டு வேண்டும். வேன் அவ்வளவு காலம் இருக்காது. நாமும் இருக்க மாட்டோம்.

இதில் சேராதவையும் உண்டு. பாதி வழியில் வாடிப்போன மரக்கறி, தீபாவளி முற்பணம் கையில் கிடைத்து தோட்டத்து மக்கள் கடைக்கு வரும் வாரத்தில் வந்து சேராத சாமான், "அவர் நேரத்துக்குப் போடமாட்டார்" என்று தோட்டக் கடைக்காரர் வேறு ஆளிடம் போவது. வாடிக்கை போனால் அதற்கு உதிரிப்பாகம் கிடையாது.

ஒரே தடவையில் 60,000 கஷ்டம் என்றால், மாதம் 1,400 ரூபாவைத் தனி உறையில் போடுங்கள். 43 மாதத்தில் பணம் தயாராக இருக்கும். கடை வாடகை போல இதுவும் ஒரு மாதச் செலவு என்று எண்ணினால் கஷ்டம் தெரியாது.

எந்த மாதம் மாற்றுவது?

வாகனம் எந்த நாளில் நிற்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் பெல்ட் தீர்மானித்துவிடும். ஏப்ரலில் நுவரெலியா சீசன். மே மாதத்திலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் தீபாவளி வியாபாரம். ஆகவே பெப்ரவரி, மார்ச் மாதங்களே பொருத்தமானவை. தவணை ஜூலையில் வருகிறது என்றால் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். நான்கு மாதம் முந்தினால் போவது சில ஆயிரம் ரூபாதான். அந்த ஆண்டு நோன்பும் பெருநாளும் எப்போது வருகின்றன என்று பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கள்.

கராஜுக்குப் போகும்போது

பெல்ட்டை மட்டும் மாற்றி டென்ஷனரை விட்டுவிடுவது பாதி வேலை. கூலியில் பெரும்பகுதி கழற்றிப் பூட்டுவதற்கே போகிறது; கழற்றிய நேரத்தில் பெயரிங்கையும் சீலையும் மாற்றிவிடுவது இலாபம். பழைய ஹொண்டா கார்கள் போல டைமிங் பெல்ட்டே வோட்டர் பம்பையும் சுற்றும் எஞ்சின்களில் பம்பையும் அதே நேரத்தில் பாருங்கள். வேறு வேலைக்காக எஞ்சினின் முன்பக்கம் கழற்றப்பட்டால், தவணை கிட்டியிருக்கும் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

பெல்ட் வாங்குவதில் மலிவு பார்க்க வேண்டாம். பஞ்சிகாவத்தையில் ஒரே பெட்டியில் பல விலை கிடைக்கும். நிறுவனத்தின் பெட்டியில் உள்ளதையோ, பண்டோ, மிட்சுபோஷி போன்ற ஜப்பான் தயாரிப்பாளர்களின் அசலையோ, பற்றுச்சீட்டுத் தரும் நம்பிக்கையான கடையில் எடுங்கள். எழுத்து மங்கிய பெட்டி, பெல்ட்டில் இலக்கம் இல்லாமை, ஆணியில் தொங்கி மடிந்த அடையாளம் இருந்தால் வேண்டாம். டைமிங் பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்நூல் முறிந்தால் வெளியே தெரியாது. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் வாங்கிப் பூட்டுவதானால், அதைத் தூக்கி வைக்கும் முன் பெல்ட்டை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திகதியையும் மீற்றர் எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் கவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஜப்பானில் கராஜ்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ரீகண்டிஷன் வாகனங்களில் அந்த ஸ்டிக்கரை நீங்களும் கண்டிருப்பீர்கள். வண்டியில் எப்போதும் ஒரு ஃபேன் பெல்ட், அதற்குரிய ஸ்பனர், ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பழைய வாகனம் வாங்கினால், பெல்ட் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டோ ஸ்டிக்கரோ இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். "போன வருஷம்தான் மாற்றினது" என்ற வாய்ச்சொல் எஞ்சினைக் காப்பாற்றாது. மாற்றும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. தவணை தாண்டிய பெல்ட்டோடு, விளக்கை அணைத்துவிட்டு வாகனத்தைக் கைமாற்றுவது குறையை மறைத்து விற்பதுதான். அது நமக்கு ஆகுமானதல்ல. வாங்கியவர் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே இறக்கத்தில்தான் போகப் போகிறார். "பெல்ட் மாற்ற வேண்டும், அதற்காக இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் விலை சற்றுக் குறையும். வியாபாரத்தில் பரகத் குறையாது.

வாகனம் விற்கும் எண்ணம் இருந்தாலும், ஆறு மாதத்துக்கு மேல் அது உங்கள் கையில் இருக்கும் என்றால் தவணைப்படி மாற்றிவிடுங்கள். நமது வீதிகளில் ஆறு மாதம் நீண்ட காலம்.

இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். பெல்ட் கடைசியாக மாற்றிய திகதியையும் மீற்றரையும் தேடி எடுத்துக் கடைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதனோடு 65,000 கூட்டுங்கள். ஐந்து ஆண்டும் கூட்டுங்கள். முதலில் வருவதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். திகதி கிடைக்கவில்லை என்றால் உங்கள் தவணை இன்றுதான். இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் சந்திப்போம்.